ஓடும் பெண்ணின் ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்? சாந்தி முதல் புதிய மரபணு சோதனை வரை... ஹார்மோன் கணக்கு சொல்வது என்ன?

அறந்தாங்கியில் பள்ளி மைதானத்தில் இன்றைக்கு 800 மீட்டர் ஓடிப் பழகும் ஒரு மாணவி, நாளைக்கு உலக தடகள சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டும் என்றால் தகுதி நேரம், பாஸ்போர்ட், ஊக்கமருந்து சோதனை இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அது ஒரு மரபணு சோதனை முடிவு. 2025 செப்டம்பர் 1 முதல் உலக தடகள அமைப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த விவகாரம் புதுசு இல்லை. இதே மாவட்டத்தின் கத்தக்குறிச்சி கிராமத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வென்ற வெள்ளிப் பதக்கத்தை ஒரு பாலினச் சோதனைக்குப் பிறகு இழந்தார். "ஹார்மோன் பிரச்சினையாம்" என்ற ஒரே வரியில் பலரும் இதைப் பேசி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் அறிவியலும் இருக்கிறது, நியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறது.

ஹார்மோன் என்றால் என்ன? அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாலே உடம்பைப் புரிந்துகொள்ள முடியுமா? புதிய விதி யாரை பாதிக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

தோஹாவில் என்ன நடந்தது?

2006 டிசம்பரில் கத்தார் தலைநகர் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் தங்கம் வென்றார். அடுத்ததாக வந்து வெள்ளி வென்றவர் சாந்தி. செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். அதற்கு முந்தைய ஆண்டுதான், தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பில் இதே 800 மீட்டரில் வெள்ளி எடுத்திருந்தார்.

ஓட்டம் முடிந்தபின் அவருக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. ரகசியமாக இருக்க வேண்டிய அந்த முடிவு உலகம் முழுக்கச் செய்தியானது. பதக்கம் பறிக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் ஊக்கமருந்து எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. பிறவியிலேயே அமைந்த உடம்புதான் கேள்விக்கு உள்ளானது.

அப்போதைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போனாலும் ரூ.15 லட்சம் பரிசுத் தொகையை வழங்கினார். ஆனால் சாந்தியின் சர்வதேச ஓட்டம் அத்தோடு நின்றுபோனது. சில ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்குப் போனது செய்தியாக வந்தது. 2013-ல் பெங்களூருவில் தடகளப் பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பை முடித்தார். பின்னர் தமிழக அரசின் விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர் ஆனார்.

சாந்திக்கு 'ஆண்ட்ரோஜன் உணர்வின்மை' என்ற நிலை இருப்பதாக ஊடகங்கள் எழுதின. ஒருவரின் மருத்துவ அறிக்கை அவருக்கே உரியது என்பதால், இனி வருவது அவரைப் பற்றிய மருத்துவ விளக்கம் அல்ல. அந்த நிலை என்றால் என்ன என்பதற்கான பொதுவான விளக்கம். அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஹார்மோன்கள் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

ஹார்மோன் எங்கிருந்து வருகிறது?

பள்ளிப் பாடத்தில் 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்று படித்திருப்போம். நாளம் என்றால் குழாய். உமிழ்நீர், வியர்வை போன்றவை தனிக் குழாய் வழியாக வெளியே வருகின்றன. ஆனால் தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி போன்ற சுரப்பிகளுக்குத் தனிக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக ரத்தத்திலேயே கலந்துவிடுகின்றன. அந்தச் சுரப்புதான் ஹார்மோன். கணையம், பெண்களின் சினைப்பை, ஆண்களின் விரை ஆகியவையும் ஹார்மோன் சுரக்கின்றன.

இந்தப் பெயர் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1902-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் குடலில் சுரக்கும் 'செக்ரிட்டின்' என்ற பொருள் ரத்தம் வழியாகப் போய்க் கணையத்தை வேலை செய்ய வைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 1905-ல் ஸ்டார்லிங் இந்த வகைப் பொருட்களுக்கு 'ஹார்மோன்' என்று பெயர் சூட்டினார்.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை உடம்பே கட்டுப்படுத்துகிறது. வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடுவதும், நிரம்பினால் தானாக நிற்பதும் போலத்தான். உதாரணத்துக்கு, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'டிஎஸ்ஹெச்' என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி தைராய்டைத் தூண்டும். போதுமான அளவு வந்ததும் தூண்டுதல் குறையும். அதனால்தான் தைராய்டு சரியாகச் சுரக்காத பலருக்கும் ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் அதிகமாகக் காட்டுகிறது. ரிப்போர்ட்டில் ஒரு எண் அதிகமாக இருப்பதற்கு, இன்னொன்று குறைந்திருப்பது காரணமாக இருக்கலாம்.

தண்ணீர் வந்தால் போதுமா, மடை திறக்க வேண்டாமா?

ரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது. அதில் கலந்த ஹார்மோனும் எல்லா இடத்துக்கும் போகிறது. அப்படியானால் எல்லா உறுப்பும் ஏன் அதற்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை?

இதற்கு அறந்தாங்கிப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் தஞ்சை மாவட்டத்தைக் கடந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கத்துக் கடைமடைக்கு வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு ஓடினாலும், வயலுக்கான மடை திறக்கவில்லை என்றால் பயிர் காய்ந்துதான் கிடக்கும்.

உடம்பிலும் இதே கதைதான். செல்களில் 'ஏற்பி' என்ற புரதம் இருக்கிறது. ஒவ்வொரு ஹார்மோனுக்கும் அதற்கென்று ஏற்பி உண்டு. அந்த ஏற்பி இருக்கும் செல்தான் அந்த ஹார்மோனை உணரும். ஏற்பி இல்லை என்றாலோ, இருந்தும் வேலை செய்யவில்லை என்றாலோ, ஹார்மோன் எவ்வளவு இருந்தாலும் அந்தச் செல்லுக்கு அது இல்லாத மாதிரிதான்.

ஆகவே ஹார்மோனைப் பற்றி எப்போதும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு சுரக்கிறது? உடம்பு அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறது? ரத்தப் பரிசோதனை முதல் கேள்விக்குத்தான் நேராகப் பதில் சொல்லும்.

சுகர் உள்ளவர்களுக்குத் தெரிந்த கணக்கு

இதற்கு நம் வீடுகளிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் உள்ளது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இரண்டாம் வகை.

இந்த வகையில் பலருக்கு ஆரம்பத்தில் இன்சுலின் சுரப்பு குறைவதே இல்லை. சிலருக்கு வழக்கத்தைவிட அதிகமாகக்கூட இருக்கும். ஆனால் தசை, கல்லீரல், கொழுப்புச் செல்கள் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. இதைத்தான் டாக்டர்கள் 'இன்சுலின் எதிர்ப்பு' என்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, மடை சரியாகத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் இன்சுலின் அளவை மட்டும் பார்த்து, "இவருக்கு இன்சுலின் ஏராளம், சர்க்கரையெல்லாம் நன்றாகக் கரைந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அது தப்பு.

இதே தப்பு டெஸ்டோஸ்டிரோன் விஷயத்திலும் நடக்க வாய்ப்பு இருக்கிறது.

'ஆண் ஹார்மோன்' என்ற பெயர் சரியா?

டெஸ்டோஸ்டிரோனை நாம் சுலபமாக 'ஆண் ஹார்மோன்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பெண்கள் உடம்பிலும் சினைப்பையும் அட்ரினலும் அதைச் சுரக்கின்றன. பெண்மைக்கு உரியதாகச் சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜனே, டெஸ்டோஸ்டிரோன் அடங்கிய ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களிலிருந்துதான் தயாராகிறது.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. வயதுவந்த ஆண்களுக்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 8 முதல் 29 நானோமோல் வரை டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். பெரும்பாலான பெண்களுக்கு 2 நானோமோலுக்கும் கீழே. பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு பிசிஓஎஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதாவது ஹார்மோன் அளவு கொஞ்சம் மாறியிருப்பது ஊருக்கு ஒருவருக்கு வரும் அபூர்வம் இல்லை.

பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாகும்போது தசை, எலும்பு, ரத்தத்தின் ஹீமோகுளோபின் எல்லாமே கூடும். ஓட்டப் பந்தயங்களில் உச்ச நிலை ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே 10 முதல் 12 சதவீதம் வரை வித்தியாசம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். பெண்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதும் அதனால்தான். இதில் விஞ்ஞானிகளிடையே பெரிய சண்டை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது.

ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்றால் என்ன?

பொதுவாகப் பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆண்களுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். தாய் வயிற்றில் முதல் ஆறேழு வாரம் எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதன் பிறகு ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு வேலையைத் தொடங்கினால் விரை உருவாகும். அது டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். அந்த ஹார்மோனைச் செல்கள் ஏற்றுக்கொண்டால் ஆண் உடம்பு உருவாகும்.

சிலருக்கு எக்ஸ்-ஒய் இருக்கும். விரையும் வயிற்றுக்குள் உருவாகியிருக்கும். டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும். ஆனால் ஆண்ட்ரோஜனுக்கான ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யாது. இதுதான் ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. முழுமையான உணர்வின்மை இருந்தால் குழந்தை பெண்ணாகவே பிறக்கும், பெண்ணாகவே வளரும். பருவ வயதில் மார்பக வளர்ச்சியும் இருக்கும். கருப்பை மட்டும் இருக்காது என்பதால் மாதவிடாய் வராது. பலருக்கு இது தெரிய வருவதே, "வயசாகியும் பொண்ணு பெரிய மனுஷி ஆகலையே" என்று டாக்டரிடம் போகும்போதுதான். உணர்வின்மை பாதி அளவில் இருப்பவர்களும் உண்டு. அவர்களின் உடல் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

முழு உணர்வின்மை உள்ள பெண்ணின் ரத்தத்தை எடுத்து அளந்தால், டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் அளவில் இருக்கும். ஆனால் அந்த ஹார்மோனால் அவருக்குத் தசை கூடுவதில்லை, வேகம் கூடுவதில்லை. எண் சொல்வது ஒன்று, உடம்பு சொல்வது வேறு.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோவுக்கு நடந்ததும் இதுதான். 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் குரோமோசோம் சோதனையில் தேறவில்லை. விஷயம் பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகையும் சாதனைப் பதிவுகளும் பறிபோயின. தன் உடம்பு ஆண்ட்ரோஜனை ஏற்றுக்கொள்வதே இல்லை என்று வாதாடி, 1988-ல் மீண்டும் போட்டியிடும் உரிமையைப் பெற்றார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 8 வீராங்கனைகளின் சோதனை முடிவு இப்படி வித்தியாசமாக வந்தது. அவர்களில் 7 பேருக்கு முழுமையாகவோ பாதியாகவோ ஆண்ட்ரோஜன் உணர்வின்மை இருந்தது. 8 பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள்.

மாறிக்கொண்டே இருக்கும் அளவுகோல்

யார் பெண்கள் பிரிவில் ஓடலாம் என்பதற்கு விளையாட்டு அமைப்புகள் வைத்த அளவுகோல் ஒரே இடத்தில் நின்றதில்லை.

• 1968: ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் குரோமோசோம் சோதனை தொடங்கியது.

• 1990-கள்: இந்தச் சோதனை ஒருவரின் உடல் திறனைச் சரியாகக் காட்டவில்லை என்ற விமர்சனம் வலுத்தது. முதலில் தடகள சம்மேளனமும், 1999-ல் ஒலிம்பிக் கமிட்டியும் எல்லோருக்குமான கட்டாயச் சோதனையைக் கைவிட்டன. சந்தேகம் எழுந்தால் மட்டும் சோதனை என்ற நிலை வந்தது. சாந்தி சிக்கியது இந்தக் காலகட்டத்தில்தான்.

• 2011: தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா விவகாரத்துக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோனுக்கு 10 நானோமோல் என்ற வரம்பு வந்தது.

• 2015: ஒடிசாவின் டூட்டி சந்த், சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் போட்டிருந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. அவர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார்.

• 2018: 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் 5 நானோமோல் வரம்பு அறிவிக்கப்பட்டது.

• 2023: எல்லாப் பிரிவுகளுக்கும் 2.5 நானோமோல். அதுவும் தொடர்ந்து 24 மாதங்கள் அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

• 2025: ஹார்மோன் அளவை விட்டு எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனைக்கு மாறியது உலக தடகள அமைப்பு. செப்டம்பரில் நடந்த டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்தான் இந்த விதியின் கீழ் நடந்த முதல் பெரிய போட்டி.

10, 5, 2.5 என்று எண் இறங்கியதைப் பார்த்தால் ஒன்று புரியும். உடம்பில் இயற்கையாகவே இப்படி ஒரு கோடு கிடையாது. கோட்டை எங்கே போடுவது என்பது அமைப்புகள் எடுக்கும் முடிவு. அறிவியல் அந்த முடிவுக்கு உதவலாமே தவிர, முடிவை அறிவியலே எடுத்துக் கொடுக்காது.

புதிய சோதனை: இரு தரப்பும் சொல்வது என்ன?

சோதனை சுலபமானது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலோ, கொஞ்சம் ரத்தம் எடுத்தாலோ போதும். ஆயுளில் ஒரு முறை செய்தால் போதும். அந்தந்த நாட்டுத் தடகள சம்மேளனங்கள்தான் இதை நடத்த வேண்டும். எஸ்ஆர்ஒய் இல்லை என்றால் பெண்கள் பிரிவில் ஓடலாம். இருக்கிறது என்று வந்தால் மேற்கொண்டு மருத்துவ ஆய்வு நடக்கும்.

பெண்கள் பிரிவைப் பாதுகாக்க இது அவசியம் என்பது செபாஸ்டியன் கோ தலைமையிலான உலக தடகள அமைப்பின் வாதம். ஆண் பருவ வளர்ச்சியால் கிடைக்கும் பலத்தோடு ஒருவர் ஓடினால், மற்ற பெண்களின் உழைப்புக்கு மதிப்பு இல்லாமல் போகும் என்கிறது அந்த அமைப்பு. பதக்க மேடைக்கு ஒரு நொடியில் வாய்ப்பை இழக்கும் பெண்களின் தரப்பில் இருந்து பார்த்தால் இதைத் தள்ளிவிட முடியாது.

எதிர்த்தரப்பும் வலுவானது. 1990-ல் எஸ்ஆர்ஒய் மரபணுவைக் கண்டுபிடித்த குழுவின் முக்கிய விஞ்ஞானியான ஆண்ட்ரூ சின்க்ளேரே இந்தச் சோதனையை எதிர்க்கிறார். மரபணு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் இது சொல்லும். அது வேலை செய்கிறதா, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறதா, சுரந்தாலும் உடம்பு அதைப் பயன்படுத்துகிறதா என்று சொல்லாது என்கிறார். சோதனை செய்யும் ஆண் ஊழியரின் ஒரு செல் கலந்துவிட்டால்கூட முடிவு தப்பாக வரலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்.

இந்த விமர்சனத்துக்குப் புதிய விதியிலேயே ஓரளவு பதில் இருக்கிறது. முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. எஸ்ஆர்ஒய் இருந்தாலும் அவர்கள் பெண்கள் பிரிவில் ஓடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் வேலை வீராங்கனையின் தலையில் விழுகிறது. அதற்கு நிபுணர் டாக்டர், மரபணு ஆய்வகம், செலவு எல்லாம் வேண்டும். உணர்வின்மை பாதி அளவில் இருப்பவர்களுக்கு இந்த விதிவிலக்கு கிடையாது.

2025 ஜூலை 10-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் செமன்யா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவரது மேல்முறையீட்டை சுவிட்சர்லாந்து நீதிமன்றம் நியாயமான முறையில் விசாரிக்கவில்லை என்றது. ஹார்மோன் விதி சரியா தப்பா என்பதை அது முடிவு செய்யவில்லை. ஆகவே விதி பற்றிய விவாதம் இன்னும் தொடர்கிறது.

2006 திரும்ப நடக்குமா?

கோட்டை எங்கே போடுவது என்பதில் நல்ல எண்ணம் உள்ளவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் சோதனையை எப்படி நடத்த வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சாந்தி விவகாரத்தில் பெரிய காயம் அங்கேதான் ஏற்பட்டது. பதக்கம் வாங்கிய பிறகு சோதனை, ரகசியமாக இருக்க வேண்டிய முடிவு ஊரெல்லாம் செய்தி, மேல்முறையீட்டுக்குக் கைகொடுக்க ஆள் இல்லை. எட்டு ஆண்டு கழித்து டூட்டி சந்துக்குச் சட்ட உதவியும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஆதரவும் கிடைத்தன. அவர் களத்துக்குத் திரும்பியதற்கு இது முக்கியக் காரணம்.

போட்டிக்கு முன்பே சோதனை என்பதால், பதக்கத்தோடு மேடையில் நின்றவரை இறக்கிவிடும் நிலை புதிய விதியில் பெரும்பாலும் வராது. அது ஒரு முன்னேற்றம். ஆனால் 17, 18 வயதுப் பெண் ஒருத்தி, தன் உடம்பைப் பற்றி அதுவரை தெரியாத ஒரு தகவலை ஒரு விளையாட்டுச் சோதனையில் முதல் முறையாகத் தெரிந்துகொள்ளக்கூடும். அப்போது பக்கத்தில் டாக்டரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அளித்த தீர்ப்பையடுத்து, இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்வதை அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தடை செய்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு. தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அந்தந்த ஆளுக்கே உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. அதே மரியாதை விளையாட்டு வீராங்கனைக்கும் பொருந்தும்.

பெற்றோரும் பயிற்சியாளர்களும் கவனிக்க வேண்டியவை

• 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்கவில்லை, அல்லது 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் நிபுணரையோ பார்க்க வேண்டும். ஓடுகிற பெண்களுக்குக் கடும் பயிற்சியாலும் போதுமான சாப்பாடு இல்லாததாலும்கூட மாதவிடாய் தள்ளிப்போகும். "ஓடுறதால அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

• சின்ன வயதுப் பெண் குழந்தைக்கு இரண்டு பக்கத் தொடை இடுக்கிலும் குடலிறக்கம் போல வீக்கம் இருந்தால், டாக்டரிடம் காரணம் கேட்க வேண்டும். ஆண்ட்ரோஜன் உணர்வின்மைக்கு இது ஒரு அறிகுறியாக இருக்கலாம்.

• ஹார்மோன் ரிப்போர்ட்டில் ஒரு எண் அதிகம், குறைவு என்று இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், யாருக்கும் பெயர் வைக்கவும் வேண்டாம். மற்ற ஹார்மோன்களோடும் அறிகுறிகளோடும் சேர்த்துத்தான் டாக்டர்கள் அதைப் படிப்பார்கள்.

• விளையாட்டுக்காக மரபணுச் சோதனை என்றால் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி கேட்க வேண்டும். எதற்கான சோதனை? முடிவு யார் யாருக்குத் தெரியும்? முடிவு வித்தியாசமாக வந்தால் எந்த டாக்டர் விளக்குவார்? முடிவை எதிர்த்து எங்கே முறையிடலாம்? 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் இந்தப் பதில்கள் பெற்றோருக்கும் புரியும் மொழியில் கிடைக்க வேண்டும்.

இந்த நான்கு கேள்விக்கும் தமிழில் தெளிவாக எழுதிய பதிலை, மாவட்ட அளவிலான பயிற்சி மையம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு தடகள சம்மேளனங்களுக்கும் அரசு விளையாட்டுத் துறைக்கும் இருக்கிறது. சோதனைக் குச்சி கைக்கு வருவதற்கு முன் அந்தப் பதில் வீராங்கனையின் கையில் இருக்க வேண்டும்.